பாதியில் நின்ற தூதன்

“போர்க்களத்துலேருந்து அவ்வளவு தூரம் மூச்சைப் பிடிச்சு ஓடி வந்தான். ஜெயிச்சுட்டோம்னு சொன்னான். சொன்ன உடனே அந்தத் தூதன்...”

“நிறுத்துங்க.”

“டாக்டரம்மா, நிகழ்ச்சி ஓடிக்கிட்டிருக்கு...”

“நம்ம பொண்ணும் ஓடிக்கிட்டிருக்கா.”

அந்த வானொலி நிலையத்தில் காலையில் சொல்லும் கதை மாலைக்குள் ஊரில் யாருக்காவது நடந்துவிடும். கணவர் வரலாறும் விளையாட்டும் பேசுவார். மருத்துவரான மனைவி உடம்புக்குள் நடப்பதை விளக்குவாள். மயக்க மருந்து இல்லாத காலத்து அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசிய அன்று தபால்காரர் தன் பழைய தழும்பைப் பிடித்துக்கொண்டு அலறினார். உயரம் தாண்டுதல் பற்றிப் பேசியபோது தையற்காரர் தரைக்கு ஒரு முழம் மேலே உட்கார்ந்து தைத்தார். முதுகுவலி இல்லை என்றார். யார் தலையில் விடியும் என்பது மட்டும் முன்கூட்டித் தெரியாது. தூதன் கதை சொன்ன அன்று தெரிந்தது. நெடுந்தூரப் பந்தயத்தில் அந்த ஊரிலிருந்து ஓடியவள் அவர்கள் மகள் ஒருத்திதான். கதை ருசியில் மனிதர் அதை மறந்துபோனார்.

தூதன் சுருண்டு விழுந்து செத்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். வானொலியில் சொன்னால்தான் பலிக்கும். தாளம் தப்பிய இதயம் எப்படி அடங்கும் என்பது மனைவிக்கு மனப்பாடம். “தண்ணி குடிச்சிட்டு வீட்டுக்குப் போனான்” என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். பொய் காற்றில் ஏறவில்லை. கேட்டவர்களுக்கு இரைச்சல்தான் வந்தது. ஒலிபரப்பையே அணைத்துவிட்டாள். மகள் பந்தயத்தின் முடிவுக் கோட்டைத் தாண்டினாள். கை தட்டினார்கள். அவளால் ஓட்டத்தை நிறுத்த முடியவில்லை.

பிறகு வருஷங்கள் ஓடின, அவளும் ஓடினாள். ஓடியபடியே பல் துலக்கினாள், சாப்பிட்டாள், கண்ணயர்ந்தாள். அவளை விரும்பிய ஒருவன் கூடவே ஓடிவந்து, மனதில் இருந்ததைச் சொல்வதற்குள் மூச்சு வாங்கித் திரும்பிப் போனான். வண்டிகள் ஒதுங்கி வழிவிடப் பழகிக்கொண்டன. தாய் தினமும் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை பக்கத்திலேயே ஓடி அவள் நெஞ்சைக் கேட்பாள். துடிப்பு சரியாக இருந்தால்தான் தாய்க்குச் சோறு இறங்கும். தந்தையோ பயத்தில் எந்த வாக்கியத்தையும் முடிப்பதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட “அந்த உப்பைக் கொஞ்சம்...” என்று நிறுத்திக்கொள்வார். வீட்டில் யாருக்கும் அது விநோதமாகத் தெரியவில்லை.

மகளுக்குக் காதோரம் நரைத்திருந்த ஒரு காலையில், பெற்றோர் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஜன்னலைக் கடந்தபடி அவள் கேட்டாள்:

“கால் வலிக்குதுப்பா. ரேடியோவுல போய் அந்தக் கதையை முடிச்சிடுங்களேன்.”