மத்தியானக் கிளினிக்கில் வராதவர்கள்

செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டர் பாலகோபால் கூப்பிட்டு ஒரு பேப்பரை நீட்டியபோது, பாராட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அந்த அறிக்கையை எடுத்துக் கொடுத்ததே என் சிஸ்டம். போத்தனூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் தள்ளி இருக்கிற எங்கள் அரசு மருத்துவமனையில் கம்ப்யூட்டர், பிரிண்டர், நெட், டோக்கன் திரை எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். ஒப்பந்த வேலை. பெயர் நவ்யா, ஆனால் அங்கே எல்லோருக்கும் நான் சிஸ்டம் அம்மணி.

“படிச்சுப் பாருங்க அம்மணி,” என்றார். மருத்துவமனைக்கு அவர்தான் பொறுப்பு.

படித்தேன். மத்தியானம் நடக்கும் சக்கரை கிளினிக்கில் டோக்கன் வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு நேராக ‘வரவில்லை’ என்று இருந்தது.

“டோக்கன வாங்கிப்போட்டு ஊட்டுக்குப் போயிடறாங்க. வெள்ளிக்கிழமை கோயமுத்தூர்ல மேலதிகாரிங்க மீட்டிங்கு. ஆளு வராத கிளினிக்கு எதுக்குன்னு மூடச் சொல்லிருவாங்க. அப்புறம் எல்லாரும் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகோணும்.”

“அங்க காலைலதானுங்க சார் சக்கரைக்குப் பார்க்கறாங்க. மில்லுல மொத ஷிப்டு முடிச்சுட்டு வாரவங்க?”

“லீவு போட்டுட்டுப் போகோணும். போக மாட்டாங்க. மாத்திரைய நிறுத்திப்போடுவாங்க.” கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க. உங்க சிஸ்டமே சொல்லுது.”

அந்தக் கடைசி வரிதான் என்னைக் குத்தியது. என் சிஸ்டம் பொய் சொல்லாது. அப்படியானால் சத்தம்தான் கேட்கவில்லை. கோயமுத்தூர் காந்திபுரத்துக்கு ஓடிப்போய் நல்ல ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வந்து மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டேன். டோக்கன் நம்பர் கூப்பிட்டால் வெளியே நிற்கும் ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாயங்காலம் கணக்கெடுத்தால், அதே பாதி. கூடுதலாகக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான்: “ஏனுங், இது காதுக்குப் பார்க்கற எடமுங்களா?” என்று ஒருவர் போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போனார்.

புதன்கிழமை நானே ஒரு டோக்கன் எடுத்துக்கொண்டு நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். என் சிஸ்டத்தை அதுவரை கம்ப்யூட்டர் அறையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

பக்கத்தில் மில் யூனிஃபார்மோடு ஓர் அக்கா. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. பெயர் பொன்னாத்தாள்.

“இத்தன சின்ன வயசுல சக்கரையா கண்ணு?”

“இல்லைங்கக்கா. இந்தத் திரை ஒழுங்கா ஓடுதான்னு பார்க்க வந்தேன்.”

“அது ஒழுங்காத்தான் ஓடுது. நிக்கறதே இல்ல.”

திரை அவருடைய நம்பரைக் கூப்பிட்டது. பொன்னாத்தாள் எழுந்தார், இரண்டடி வைத்தார், காலில் கட்டுப்போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்ற ஒருவரைப் பார்த்தார்.

“நீங்க போங்க.”

“ஐயோ, வேண்டாமுங்க. என்ற நம்பரு இன்னும் எவ்வளவோ இருக்குதுங்க.”

“இருக்கட்டுமுங்க. கால வெச்சுட்டு எப்படி நிப்பீங்க? போங்க.”

“நீங்க ஷிப்டு முடிச்சு வந்திருக்கறீங்க. நீங்க போங்க.”

“அட, எனக்கென்னுங்க அவசரம்? போங்கன்னா.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கர் மூன்று தடவை கூப்பிட்டு முடித்துவிட்டது. அந்த ஆள் நொண்டிக்கொண்டு உள்ளே போனார். திரையில் பொன்னாத்தாளின் நம்பருக்கு நேராகச் சிவப்பில் ‘வரவில்லை’ விழுந்தது. வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே போய்விட்டு வந்தவரின் சொந்த நம்பரும் வந்தது. அவர் எப்போதோ மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மறுபடியும் சிவப்பு. ஒரு ‘நீங்க போங்க’வுக்கு இரண்டு ‘வரவில்லை’.

எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. அதற்குள் என் நம்பர் வந்தது. எதிரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கர்ப்பிணிப் பெண் நின்றாள். “நீங்க போங்க,” என்று என் வாய் தானாகச் சொன்னது. நிமிர்ந்து பார்த்தேன். என் சிஸ்டத்தில் நானே வரவில்லை.

நேராக உள்ளே போய் கோமளா சிஸ்டரிடம் கேட்டேன். தினம் டாக்டர் மாறினாலும் அந்த அறையில் மாறாதவர் அவர்.

“நம்பர் மாறி வாரவங்கள என்னங்க சிஸ்டர் பண்றீங்க?”

“சிஸ்டம் ஏத்துக்காது. டாக்டர் கையில எழுதிக் குடுத்துடுவாரு. முறைய விட்டுக் குடுத்தவங்க கடைசி வரைக்கும் உக்காந்திருப்பாங்க, அவங்களையும் பார்த்துத்தான் அனுப்பறோம்.”

“ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே.”

“சொன்னா அவங்கள உள்ள விடாதீங்கன்னு சொல்லுவீங்க,” என்றார் சிஸ்டர், ஊசியைப் பிரித்துக்கொண்டே. “நான் விடுவேன். அப்புறம் உங்களுக்கும் எனக்கும்தான் சண்டை வரும்.”

நான் செய்வேன் என்று அவர் சொன்னதைத்தான் மறுநாள் செய்தேன், வெட்கமில்லாமல். ‘உங்கள் முறையை மற்றவருக்கு விட்டுத் தர வேண்டாம்’ என்று திரையில் ஓடவிட்டேன். ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: “ஊட்டுக்கு ஒறம்பரையா வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்காதீங்கன்னு போர்டு வெச்சாப்பல இருக்குதுங்க.” எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, மறுபடியும் ஒருவரை ஒருவர் ‘போங்க, போங்க’ என்றார்கள். பத்து நிமிடத்தில் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

ஆட்களை மாற்ற முடியாது. சிஸ்டத்தை மாற்றலாம். தேடிப் பார்த்ததில் அமைப்புகளுக்குள் ஒரு வசதி இருந்தது: கூப்பிட்டு வராத நம்பரைத் தூக்கிப் போடாமல், மூன்று பேர் தள்ளி மறுபடி கூப்பிடலாம். நம்பர் முந்தி உள்ளே வந்தவரையும் சிஸ்டர் பதிந்துகொள்ளலாம். சிஸ்டம் போட்ட அன்றைக்கே யாரோ அதை அணைத்து வைத்திருந்தார்கள். பாலகோபால் சார் சரி என்றால் ஒரு தட்டு, அவ்வளவுதான். ஓடினேன்.

அவர் முழுக்கக் கேட்டார். சிரிக்கவும் செய்தார். அப்புறம் தலையை ஆட்டினார்.

“நாளைக்கு மீட்டிங்கு. இன்னைக்குப் போயி மாத்தினா, மூடக்கூடாதுன்னு கணக்கத் திருத்திப்போட்டாங்கம்பாங்க. நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.”

“ஆனா ஆளுங்க நெசமாவே வாராங்க சார்.”

“உங்களுக்கும் எனக்கும் தெரியும் அம்மணி. அவங்களுக்கு எப்படிக் காட்டுவீங்க? போங்க போங்கன்னு நடிச்சா காட்டறது?”

வெளியே வந்து வராண்டாவில் அங்கேயும் இங்கேயும் நடந்தேன். எதிரே மாத்திரை கவுண்டரில் கும்பல். கட்டுப்போட்டவர் நேற்று அங்கேதானே நின்றார்? நின்றார், சீட்டைக் கொடுத்தார், மாத்திரை வாங்கினார். கவுண்டரில் இருக்கும் முகமது ரியாஸ் அண்ணன் ஒவ்வொரு சீட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றாமல் ஒரு மாத்திரைகூடத் தரமாட்டார். அது வேறு சாஃப்ட்வேர், வேறு கம்பெனி போட்டது. டோக்கன் சிஸ்டத்தோடு அது பேசியதே இல்லை. ஆனால் இரண்டிலும் நோயாளியின் ஓ.பி. நம்பர் ஒன்றுதான்.

“அண்ணா, இந்த மாசம் சக்கரை மாத்திரை குடுத்த விவரம் மொத்தமும் வேணுங்க.”

“எதுக்குங்க? மறுபடியும் ஸ்பீக்கரு மாட்டறீங்களா?” என்றார் ரியாஸ் அண்ணன். ஆனால் எடுத்துக் கொடுத்தார்.

இரண்டையும் சேர்த்தேன். ‘வரவில்லை’ என்று என் சிஸ்டம் சொன்னவர்களில் பெரும்பாலோர் அதே நாள் மத்தியானம் ரியாஸ் அண்ணனிடம் மாத்திரை வாங்கியிருந்தார்கள். டாக்டர் எழுதாமல் மாத்திரை கிடைக்காது. வராமல் டாக்டர் எழுத முடியாது. பழைய கணக்கில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பாலகோபால் சாரிடம் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார். படித்துவிட்டு உட்கார்ந்தார்.

“இத எடுத்துட்டுப் போறேன்,” என்றார்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நன்றாக இருந்த பிரிண்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். கோமளா சிஸ்டர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நாலு மணிக்கு போன் வந்தது.

“மூடலீங்க அம்மணி. மூணு மாசம் பார்க்கலாம்னுட்டாங்க. திங்கக்கிழமையிலிருந்து அந்த மாத்தத்தப் போட்டுக்கங்க, லெட்டரும் வாங்கிட்டேன்.” பஸ் ஹாரன் சத்தத்தில் கொஞ்சம் விட்டுப்போனது. “...ஆனா மூணு மாசம் கழிச்சு மறுபடியும் பார்ப்பாங்க. அத மறந்துறாதீங்க.”

திங்கட்கிழமை அந்த வசதியைத் திறந்துவிட்டு, பெஞ்சுக்கு வந்தேன். பொன்னாத்தாள் அக்கா வந்திருந்தார். கிளினிக்கை மூடப்போகிறார்கள் என்று மில்லுக்குள் பேச்சாம்.

“மூணு மாசத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்கக்கா. ஆளுங்க வாராங்களான்னு பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுவாங்க.”

“எங்க மில்லுல இன்னும் ஏழெட்டுப் பேருக்குச் சக்கரை இருக்குதுங்க கண்ணு. தூரமா போகோணுமேன்னு பார்க்காமயே இருக்கறாங்க. இங்க மத்தியானம் பார்க்கறது பாதிப் பேருக்குத் தெரியாது. கூட்டிட்டு வரட்டுமா?”

“நாளைக்கேவா?”

“நாளைக்கு ரெண்டு பேரு வருவாங்க. மத்தவங்கள வையோணும், வைஞ்சாத்தான் வருவாங்க. வாரக்கடைசிக்குள்ள வைஞ்சு கூட்டிட்டு வந்துடறேன்.”

நான் எழுந்து பாலகோபால் சாரின் அறைக்குப் போனேன், மத்தியானத்துக்குக் கொடுக்கிற டோக்கன் எண்ணிக்கையைக் கூட்ட முடியுமா என்று கேட்க.