சப்ரி கேட்ட மேல்மாடி அறை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை நான் தேடிப் போனது அல்ல. எங்கள் வீட்டு பிரிட்ஜைத் திருத்த வந்தவர் கொண்டுவந்து தந்தது. பின்பக்கத்து ஆணிகளைக் கழற்றியபடியே கேட்டார்:

"நீங்க கதை எழுதுற ஆள்தானே? என்ட கதைய எழுதுங்க. ஆக்கள் அழுற மாதிரி மட்டும் எழுதிராதீங்க."

சப்ரி என்பது நான் வைத்த பெயர். அவர் தன் சொந்தப் பெயரையே போடச் சொன்னார். பயந்தது நான்தான்.*

முதல் தொடக்கம்: "கடற்கரை மணலில் ஒரு வெற்றுப் போத்தல் உருண்டு..."

(வெட்டிவிட்டேன். சப்ரி கடற்கரையில் குடித்ததே இல்லை. தன் பிரிட்ஜ் திருத்தும் கடையின் பின்னறையில், கேஸ் சிலிண்டர்களுக்கு நடுவே, கதவைத் தாழிட்டுத்தான் குடித்தார்.)

* ஊரின் பெயரையும் எழுதி அழித்தேன். கல்முனைக் கரையோரத்தில் எந்த ஊராகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

2

உண்மையான தொடக்கம் நற்பிட்டிமுனைப் பக்கத்து வளைவு ஒன்றில் இருக்கிறது. மாலை நாலரை மணி. டியூஷன் விட்ட மகள் நுஸ்ஹாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்த சப்ரி, மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் போனார். அவருக்குச் சிராய்ப்பு. பதினைந்து வயது மகளுக்கு மணிக்கட்டு முறிந்தது.

கூடியவர்களிடம் நுஸ்ஹா முந்திக்கொண்டு சொன்னாள்: "நாய் ஒண்டு குறுக்க வந்திச்சி."

டொக்டரிடமும் அதையே சொன்னாள். உம்மா ஸகியா, "என்ன நிற நாய்?" என்று கேட்டபோது, கண் இமைக்காமல் "கறுப்பு" என்றாள்.

மறுநாள் காலை ஸகியா கணவனின் முன்னால் வந்து நின்றாள்.

"ஒங்களுக்காக நான் எத்தனையோ பொய் சொல்லியிரிக்கன். என்ட புள்ள சொல்லக் கூடா."

3

சப்ரி தன்னைக் குடிகாரன் என்று நினைத்ததில்லை. அதற்கு அவரிடம் ஆதாரமும் இருந்தது: ஒவ்வொரு நோன்புக்கும் முப்பது நாளும் தொடமாட்டார். பெருநாள் கழிந்த மறுநாள் பின்னறைக் கதவு சாத்தப்படும்.

இடத்தைக் கண்டுபிடித்தவள் ஸகியா. மகளின் பிளாஸ்டரை வெட்டிய தாதியிடம் தாழ்ந்த குரலில் கேட்டு, ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வாங்கிவந்தாள்: வியாழன், பின்னேரம் நாலு மணி, பாண்டிருப்பு. பக்கத்துத் தமிழ் ஊரில், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடும் மண்டபம்.

முதல் வியாழன் அந்த மண்டபத்தை இரண்டு தரம் கடந்துபோய்விட்டு வீட்டுக்குத் திரும்பினார். அடுத்த வியாழன் வாசலில் ஒருவர் கைகாட்டி மறித்தார். கனகரெத்தினம், ஓய்வு பெற்ற பஸ் சாரதி, குடியை விட்டுப் பதினேழு வருடம்.

"தம்பி, போன கிழமையும் ரெண்டு தரம் போனீங்க. நானும் அப்பிடித்தான் போனனான். உள்ளுக்கு வாங்க, பிளேன்டீ ஆறுது."

(இங்கே ஒரு தந்திரம் செய்தேன். உள்ளே சப்ரியின் மச்சான் ஜவாத் உட்கார்ந்திருப்பதாக எழுதினேன். வாசகர் திடுக்கிட வேண்டுமே! வாசித்துக் காட்டியதும் சப்ரி சிரித்தார். "அப்பிடி ஒருத்தரும் இல்ல. அங்க நம்மட முஸ்லிம் ஆக்கள்ல நான் மட்டுந்தான்." அதுதான் கடினம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஜவாத்தை வெளியே அனுப்பிவிட்டேன்.)

4

ஏழு பிளாஸ்டிக் கதிரைகள். யாரும் புத்தி சொல்லவில்லை. ஒரு மேசன், தான் குடிக்காமல் ஒன்பது நாள் என்றார். அவ்வளவுதான், மற்றவர்கள் தலையசைத்தார்கள்.

சப்ரியின் முறை வந்தது. "என்ட கூட்டாளி ஒருத்தனுக்காக விசாரிச்சிட்டுப் போக..."

(இந்த வாக்கியத்தை நான் முறிக்கவில்லை. அவரே முறித்தார்.)

"நாய் வரல்ல" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை. பிறகு, குடித்துவிட்டு மகளை ஏற்றியதிலிருந்து அவள் சொன்ன பொய் வரை எல்லாவற்றையும் சொன்னார். முடித்ததும் வினோஜா என்ற பெண், அவரும் குடியை விட்டவர்தான், கேட்டார்: "இத மகளுக்குச் சொன்னீங்களா?"

வீட்டுக்குப் போய்ச் சொன்னார். நுஸ்ஹா புத்தகத்தை மூடினாள்.

"தெரியும் வாப்பா. நானுந்தானே பின்னால இருந்தன்."

"இனி ஆரும் கேட்டா உண்மையச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க."

5

குடியை விட்ட நாலாம் மாதம் ஒரு கலியாண வீட்டுக்குப் போன இடத்தில் ஒருமுறை சறுக்கினார். அடுத்த வியாழன் போய் அதையும் சொன்னார். இதை எடுத்துவிடட்டுமா என்று நான் கேட்டேன். "அத எடுத்தா மிச்சமும் பொய்யாப் போகும்" என்றார். அதற்குப் பிறகு பதினாலு மாதம் ஆகிறது.

இப்போது குடியை விட நினைத்து ஊரில் இருவர் அவரிடம் வருகிறார்கள். ஒருவர் மீன் வியாபாரி, மற்றவர் வாத்தியார். பாண்டிருப்பு வரை போக இருவருக்கும் துணிச்சலில்லை. ஆகவே போன வாரம், பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்ததும், சப்ரி பள்ளிவாசல் நிர்வாகசபைத் தலைவர் மீராமுகைதீன் ஹாஜியாரிடம் போனார். பூட்டிக் கிடக்கும் மேல்மாடி அறையைக் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் கேட்டார். எதற்கென்றும் சொன்னார்.

ஹாஜியார் சுற்றிலும் பார்த்தார். "நம்மட ஊருல ஆரு தம்பி குடிக்கிற?"

நாலைந்து பேர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். சப்ரி குரலைத் தாழ்த்தவில்லை.

"நான் குடிச்சன் ஹாஜியார். விட்டுட்டன். இன்னும் ரெண்டு பேர் விட நினைச்சி வாசல்ல நிக்கிறாங்க."

6

ஹாஜியாரின் பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கோபப்படுகிறார். இன்னொன்றில் சாவியைத் தருகிறார். மூன்றாவதில், "எனக்கும் ஒரு மகன் இரிக்கான்" என்று...

மூன்றையும் கிழித்துவிட்டேன். அவர் உண்மையில் சொன்னது, "சபையில கதைச்சிட்டுச் சொல்றன்" என்பதுதான். சபை இன்னும் கூடவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் யாரோ ஒருவர் ஒரு பள்ளிவாசலின், கோயிலின், சங்கத்தின் நிர்வாகசபையில் இருப்பீர்கள். உங்களிடமும் ஓர் அறை பூட்டிக் கிடக்கும். சப்ரி கேட்டுவிட்டார். பதிலை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள், வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும்.