வீட்டுக்காரரின் கட்டைவிரல்

குமாசி நகரத்தில் சொந்த வீடு வாங்கிய மூன்றாம் மாதம், தக்காளி வியாபாரி செர்வாவின் வலது கையில் அவளுடைய பழைய வீட்டுக்காரர் அக்யம்பொங்கின் கட்டைவிரல் முளைத்தது. அவள் கட்டைவிரலை ஒட்டியே, மஞ்சள் பூத்த நகமும் மூக்குப்பொடி நாற்றமுமாக. பத்தொன்பது வருஷம் பார்த்த விரல், அடையாளம் தெரியாமல் போகுமா? கழிப்பறைச் சாவியை அதில்தான் மாட்டிச் சுழற்றுவார் மனுஷர். இரண்டு வருஷ வாடகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, முற்றத்துக் கழிப்பறையைத் தன் வீட்டாருக்கு மட்டும் என்று பூட்டிவிடுவார். குடியிருந்தவர்கள் தெருமுனைப் பொதுக் கழிப்பறையில் காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள். பேதியோடு நின்ற ஒருநாள் செர்வாவின் துணி வரிசையிலேயே நனைந்தது. தனக்கென்று வீடு அமைந்தால் எவரையும் இப்படி நிற்கவைக்க மாட்டேன் என்று அன்றைக்கே செத்துப்போன தாயின் பேரில் சத்தியம் செய்தாள்.

வாங்கிய வீட்டில் ஆறு அறைகள். இரண்டில் அவள், நாலில் வாடகைக் குடும்பங்கள், எல்லோருக்கும் ஒரே கழிப்பறை. சத்தியப்படி திறந்துதான் வைத்தாள். ஒருவரும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றவில்லை. சுவரில் விரல் துடைத்த தடங்கள், தரையில் நெளியும் புழு. ஃபூஃபூக் களியைக் கிள்ளி வாயில் வைத்தால் அதுவே கண்ணில் நின்றது. குமட்டல் தாங்காமல் ஒரு பூட்டு வாங்கி மாட்டினாள். விடிந்தால் விரல்.

பூட்டைக் கழற்றினாள். விரல் வாடி, தோலில் தொங்கி, உதிரப்போகிற நேரம் பார்த்து எவனோ கழிப்பறை வாசற்படியிலேயே வெளிக்கிருந்துவிட்டுப் போனான். தூ, என்ன ஜனங்கள்! மறுபடி பூட்டினாள். விரல் முன்னிலும் தடித்து, ரோமத்தோடு வந்தது. வைத்தியர் இரண்டு முறை வெட்டியும் பயனில்லை. இடக்கையை நீட்டுவது அவமரியாதை என்பதால் சந்தையிலும் சாவுவீட்டிலும் விரல் முளைத்த வலக்கையைத்தான் கொடுக்கவேண்டியிருந்தது. குலுக்கியவர்கள் தங்கள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்கள். நாலு வருஷத்தில் அதுவும் பழகிவிட்டது.

ஐந்தாம் வருஷம், மூன்றாம் அறையில் குடியிருந்த ஃபோசுவா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சாவியக் கொஞ்சம் குடுங்கம்மா. முடியல."

"நீ கழுவ மாட்ட. தெருமுனைக்குப் போ."

சொன்னது தன் வாய்தான் என்பதில் செர்வாவுக்குச் சந்தேகமில்லை. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சாவியைக் கொடுக்கவில்லை. ஃபோசுவா கெஞ்சவும் இல்லை, விரலையே பார்த்தாள்.

"இது மொளைக்கும்போது வலிச்சுதாம்மா? எங்களுக்கும் எஜிசு ஊர்ல ஒரு வீடு முடிஞ்சிருக்கு. நாலு ரூம வாடகைக்கு விடலாம்னு இருக்கோம்."

"வலியெல்லாம் இல்லடி. மொதல்ல அரிக்கும்."

ஃபோசுவா தலையாட்டிவிட்டு, வலது கையைச் சொறிந்தபடி தெருமுனைக்கு நடந்தாள்.