ஓயாத டம்ளர்கள்

பீரங்கிக்காரன் விடுப்பில் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் தலைக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர் எதுவும் சும்மா இருந்ததில்லை. டம்ளரானாலும் வாளியானாலும் நடுவிலிருந்து வட்டம் வட்டமாக அலை கிளம்பி விளிம்பைத் தொட்டுத் திரும்பியது. ஆறு வருடம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று சுட்டவன் அவன். கடைசியில் எதிரியின் குண்டு ஒன்று இருபதடி தள்ளி வெடித்தது. ஒரு சில்லுகூட மேலே படவில்லை. வெடித்த காற்று மட்டும் தலைக்குள் புகுந்து, வெளியே வர வழி தெரியாமல் அங்கேயே குடியிருந்துவிட்டது.

அவன் மனைவி ஜன்னல் கண்ணாடி வெட்டி மாட்டும் கடை வைத்திருந்தாள். முதல் மாதத்தில் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் நான்கு விரிசல் விட்டன. சொந்தக் கடை என்பதால் அதை அவள் பெரிதுபடுத்தவில்லை. அவளைக் கலங்கடித்தது வேறு. சட்டைப் பொத்தான் போடத் தெரியாமல் அவன் கால் மணி நேரம் நின்றான். வெயிலைக் கண்டால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு ஸ்பூன் விழுந்ததற்கு வீடே அதிரக் கத்திவிட்டு, மகளைச் சமாதானப்படுத்தப் போனவன் அவள் பெயர் நினைவுக்கு வராமல் கதவோரம் நின்றான். "பரவாயில்லப்பா, பேரு மெதுவா வரட்டும், நீ வந்து உக்காரு" என்று அந்த ஏழு வயதுக்காரி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. நடிக்கிறான் என்று எழுதி, மறுபடியும் பீரங்கிக்கே அனுப்ப மருத்துவக் குழு நாள் குறித்தது. இன்னும் ஒரே ஒரு வெடி போதும், ஆள் மிஞ்சமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். குறித்த நாளில் ஒன்பது டம்ளரும் ஒரு குடம் தண்ணீரும் எடுத்துக்கொண்டு அவனோடு அந்தக் குழுவின் முன் போய் நின்றாள்.

குழுத் தலைவர் நரைமீசைக்காரர். அவரும் பழைய பீரங்கி ஆள்தான். "ஹெல்மெட்ல ஒரு கீறல்கூட இல்லையேம்மா" என்றார்.

"கண்ணாடியும் அப்படித்தான் சார். மேல பளபளன்னு இருக்கும், ஓரத்துல உள்ளுக்குள்ள விரிசல் விட்டிருக்கும். யாராவது கதவ அறைஞ்சு சாத்தினாத்தான் தெரியும்."

குழுவின் குமாஸ்தா முன் அவள் ஊற்றி வைத்த தண்ணீர் குளம்போலக் கிடந்தது. கணவன் முன் வைத்தது அலையடித்தது. நடிப்புக்காரன் என்று பெயர் வாங்கி வராந்தாவில் காத்திருந்த ஆறு சிப்பாய்கள் முன் வைத்த ஆறும் அலையடித்தன. மிஞ்சிய ஒன்றைத் தலைவர் முன் வைத்தாள். அதிலும் வட்டங்கள்.

"அது ஃபேன் காத்தும்மா. எங்க வீட்லயும் இருபது வருஷமா இப்படித்தான்."

அவள் போய் ஃபேனை நிறுத்தினாள். இறக்கைகள் ஓய்ந்தன, தண்ணீர் ஓயவில்லை.

தலைவர் டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்போ எங்க வீட்டம்மா சொன்னதெல்லாம் நிஜம்தானா?" என்றபடி பேனாவை எடுத்து, 'வெடியால் மூளைக்காயம், பீரங்கிப் பக்கம் போகக்கூடாது' என்று ஏழு சான்றிதழ் எழுதினார். எட்டாவதைத் தனக்கு எழுதிக்கொண்டார். எட்டுப் பேரும் நிமிர்ந்த நடையோடு படியிறங்கியபோது அந்தக் கட்டடத்தின் அத்தனை ஜன்னல் கண்ணாடிகளும் கலகலவென்று நொறுங்கின. மாற்றிப் போடும் வேலை அவளுக்கே வந்தது.

இது நடந்து பதினொரு வருடம் ஆகிறது. இப்போது அவன்தான் கடையில் கண்ணாடிக்கு அளவெடுக்கிறான். மகளின் பெயர் பெரும்பாலும் முதல் தடவையிலேயே வருகிறது. வராத நாளில் அவள் நகர்ந்து இடம் கொடுக்கிறாள். காலையில் மனைவி மூன்று டம்ளர் டீயில் சர்க்கரை போட்டு அவன் தலைமாட்டில் வைப்பாள். "கலந்தாச்சு, எடுத்துக்கோங்க" என்பான் அவன். அந்த வீட்டில் ஸ்பூன் வாங்குவதை எப்போதோ விட்டுவிட்டார்கள்.