ஐந்தாவது ஃபௌலுக்குப் பிறகு

முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபோதே பெனடிக்டுக்குக் கண் சொருகியது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டை ஒட்டி எட்டு மணி நேரம் நடந்ததில் முழங்கால் இரண்டும் கெஞ்சின. ஐம்பத்தாறு வயதில் ஆறடி மூன்றங்குல உடம்பை அந்த சீட்டுக்குள் மடக்கி வைப்பதே தனி வேலை. குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்தால் தமிழ்மொழி ஸ்கூட்டரோடு காத்திருந்தாள்.

கூடைப்பந்து கிளப்பின் பெண்கள் அணியில் ஆடுகிறவள் அவள். அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை. இருபத்து நாலு வயது. அவள் கையை உயர்த்தி நின்றால் எதிரணிக்காரிகள் பந்தை எறியவே யோசிப்பார்கள். கிளப்பின் ஐம்பதாவது ஆண்டு மலருக்கு, எறிந்த பந்தை வளையத்துக்குப் போகவிடாமல் காற்றிலேயே தடுத்தவர்களில் எந்தக் காலத்து ஆள் பெரியவர் என்று எழுதும் வேலையை அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

"ரெண்டே நிமிஷம் அங்கிள்."

"உள்ள வாம்மா. நின்னுக்கினு பேசத் தெம்பு இல்ல."

அவன் மனைவி மேரிசெல்வி இருவருக்கும் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். தமிழ்மொழி பையிலிருந்து பழைய ஸ்கோர் தாள்களை எடுத்துத் தரையில் பரப்பினாள்.

"பாயிண்ட் இருக்கு, ஃபௌல் இருக்கு. யாரு எத்தன பந்து தடுத்தாங்கன்னு ஒரு தாள்லயும் இல்ல அங்கிள்."

"அத யாரு எழுதுனா?"

"அமெரிக்காலயே எழுபத்து மூணுலதான் எண்ண ஆரம்பிச்சாங்க. அங்க தடுக்கறதுல பேர் வாங்குன பில் ரஸ்ஸல் அதுக்கு முன்னாடியே ஆட்டத்த விட்டுட்டாரு. எண்ணுனதுல ஹக்கீம் ஒலாஜுவான்தான் முதல், மூவாயிரத்து எண்ணூத்து முப்பது. ரஸ்ஸலோடது எத்தனைன்னு கடவுளுக்குத்தான் தெரியும். இதுல யாரு பெருசுன்னு எப்படிச் சொல்றது?"

"சொல்லாத. எனக்கு முன்னாடியே ஆட வந்த கருப்பசாமி அண்ணன் காலத்துல எவனும் தூரத்துலேருந்து எறிய மாட்டான். எல்லாம் வளையத்துக்குக் கீழதான் வருவானுங்க. நின்ன எடத்துல பத்து தடுக்கலாம். இப்ப கோட்டுக்கு வெளியேருந்து எறியறாளுங்க, நீ அவ்வளவு தூரம் ஓடித் தடுக்கற. அந்த ஓட்டத்த நாங்க ஓடல. அண்ணன், நானு, நீ, மூணு பேரு போட்டோவப் போட்டு வுட்டுடு."

அவள் போகவில்லை. ஒரு தாளை மட்டும் எடுத்து அவன் முன்னால் நகர்த்தினாள். தொண்ணூற்று நாலாம் வருஷத்து இறுதி ஆட்டம். டவுன்ஷிப்பில் அதைத் தெரியாதவர்கள் குறைவு. கிளப்புக்கு ஒரு பாயிண்ட் முன்னிலை, கடைசி விநாடி, எதிரணி எறிந்த பந்தைக் கருப்பசாமி எகிறித் தடுத்துக் கோப்பையைக் காப்பாற்றினார். கிளப் செயலாளர் வைத்திலிங்கம் மலரின் முதல் பக்கத்துக்கே அதைத்தான் ஒதுக்கியிருந்தார்.

"கருப்பசாமி ஐயாவுக்கு அஞ்சாவது ஃபௌல், அதோட ஆட்டத்துலேருந்து வெளிய போயிடணும். பக்கத்துலயே நிமிஷம் எழுதியிருக்காங்க. ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கறப்பவே அவரு வெளிய போயிட்டாரு. அப்ப அந்தப் பந்தத் தடுத்தது யாரு அங்கிள்?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பெனடிக்ட் டீயை ஒரு வாய் குடித்தான்.

"நான்தான்."

யாரோ வீட்டு எண்ணைக் கேட்டதற்குச் சொன்னதுபோல அது வந்தது.

"ஏன் அங்கிள் சொல்லல?"

"மொத வாரம் சொன்னேன். யாரும் காதுல வாங்கல. ரெண்டு பேரும் நெட்டை, ரெண்டு பேரும் கறுப்பு, தூரத்துலேருந்து பாத்தவனுக்கு என்னா தெரியும்? அப்புறம் ஷிப்ட்டு, புள்ளைங்க படிப்பு. ஒவ்வொருத்தன்கிட்டயும் போயி நான்தான் நான்தான்னு சொல்லிக்கினு திரிய முடியுமா?"

"நான் இப்ப அவரு வூட்டுக்குத்தான் போட்டோ எடுக்கப் போறேன். கேட்டுடவா?"

"வேணாம். ஒடம்பு முடியாத மனுஷன்."

"நீங்களும் கூடப் போங்க" என்றாள் மேரிசெல்வி, அடுப்படி வாசலில் நின்றபடி. "ரெண்டு வருஷமாச்சு, அவரு மூஞ்சியப் பாத்து."

மந்தாரக்குப்பத்தில் கருப்பசாமியின் வீடு மாடிப்படியை ஒட்டிக் கீழ்த்தளத்தில் இருந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய வலது கை தூக்க வரவில்லை. அவர் மனைவி ஜானகியம்மாள் அவருக்குச் சட்டை மாற்றிவிட்டு, நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்தாள். தமிழ்மொழி இரண்டு படம் எடுத்தாள். பிறகு போனைப் பதிவில் போட்டுவிட்டு, கேட்கலாமா என்று பெனடிக்டைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். என்ன சொன்னாலும் ஆமாம் போட்டுவிட்டுக் கிளம்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

"ஐயா, தொண்ணூத்து நாலு ஃபைனல்…"

"கடைசி நொடி" என்று ஆரம்பித்துவிட்டார் கருப்பசாமி. வாய் சற்றுக் கோணியிருந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தது. "எறிய வந்தவன் வலது பக்கம் போக்குக் காட்டி இடது பக்கம் எகிறுனான். ரெண்டு பேரு ஏமாந்துட்டாங்க. தடுக்கறவன் ஏமாறல. பந்து அவன் கைய வுட்டதும் வெரல் நுனியால ஒரு தட்டு." நிறுத்தி மூச்சு வாங்கினார். "எவ்வளவு சுத்தமாப் பாத்தேன் தெரியுமா? பெஞ்சுலேருந்து."

ஜானகியம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"புத்தகத்துல சரியா எழுதும்மா. அது இவன் தடுத்தது. நான் தடுத்தா பந்து வேலியத் தாண்டி வுழும். ஜனம் கத்தும். ஆனா பந்து திரும்பவும் அவனுங்க கைக்குத்தான் போவும். இவன் தட்டுனது நேரா நம்ம சுதாகரு கையில வுழுந்துச்சு. ஆட்டம் அங்கதான் முடிஞ்சுது. யாரு பெரியவன்னு கேட்டா இதத்தான் நான் சொல்லுவேன்."

முப்பது வருஷம் இந்த வார்த்தைக்காகக் காத்திருந்ததாகத்தான் பெனடிக்ட் நினைத்திருந்தான். வந்த பிறகு உள்ளே எதுவும் துள்ளவில்லை. முழங்கால்தான் வலித்தது.

"இப்ப சொல்லி என்னாண்ணே?" குரல் அவன் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

"அன்னிக்கு எவனோ என்னத் தோள்ல தூக்கிட்டான். எறங்கத் தெரியல. கேக்கறவனுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு பெனடிக்டு. நீ ஒரு நாளாவது வந்து சண்ட போடுவேன்னு பாத்தேன். நீ வரவே இல்ல."

"எனக்கு ஷிப்ட்டுண்ணே."

அதைக் கேட்டுக் கருப்பசாமி சிரித்தார். பெனடிக்டுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலிக் கைப்பிடியிலிருந்து அவருடைய வலது கை சரிந்து தொங்கியது. பெனடிக்ட் எழுந்து போய் அதை எடுத்து அவர் மடியில் வைத்தான். கொஞ்ச நேரம் அதன்மேல் தன் கையை வைத்தபடியே நின்றான்.

விஷயம் தெரிந்ததும் செயலாளர் வைத்திலிங்கம் குதித்தார். ஊரே நம்புகிற விஷயத்தை விழா நேரத்தில் மாற்றுவதா என்று கேட்டார். தமிழ்மொழி பதிவைப் போட்டுக் காட்டினாள். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. மலரில் அவள் யாருக்கும் முதலிடம் தரவில்லை. மூன்று காலத்து ஆட்டமும் வேறு வேறு, ஒரே அளவுகோலால் அளக்க முடியாது என்று எழுதினாள். அந்த ஒரு பந்தை யார் தடுத்தது, அது எங்கே போய் விழுந்தது என்பதை மட்டும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள்.

விழா ஞாயிற்றுக்கிழமை காலையில். முந்தின நாள் மழையில் சுரங்கத்தில் பெல்ட் ஓடவில்லை, இரண்டு பேர் லீவு, பெனடிக்டைப் பணிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அவனுக்குப் பதிலாக மேரிசெல்வி போய், கிளப் அவனுக்குக் கொடுத்த கேடயத்தை வாங்கி வந்தாள். மதியம் அவன் வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுந்தரையில் படுத்தான்.

"கருப்பசாமி அண்ணன் சக்கர நாற்காலியில வந்து மைக்குலயே சொன்னாருங்க. எல்லாரும் கை தட்டுனாங்க."

"ம்."

"சந்தோஷமா இல்லியா?"

அவன் யோசித்தான்.

"இருக்கும்னுதான் நெனைக்கிறேன். தூங்கி எழுந்தாதான் தெரியும்."

அவள் ஜன்னலைச் சாத்தி, தலையணையை எடுத்துவந்து அவன் தலைக்குக் கீழே வைத்தாள். அதற்குள் அவன் தூங்கிப்போயிருந்தான்.