சோலைராஜ் அன்பளித்த மௌனம்

ராஜபாளையத்தின் அந்தச் சின்னத் தேவாலயத்தில் சோலைராஜின் பெயர் இல்லாத பொருளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பேண்டேஜ் துணி மில் முதலாளி. மின்விசிறியில் அவர் பெயர் சுற்றும், டியூப்லைட்டில் எரியும். போன வாரம் ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கித் தந்தார். பிரதிஷ்டை ஆராதனையில் பியானோ கொஞ்சமும் அவர் நிறையவும் ஒலித்தார்கள். 'அன்பளிப்பு' என்று தொடங்கும் முழ நீளப் பித்தளைப் பலகை தாமதமாக வந்ததால், நேற்றுத்தான் மில் தச்சர் அதை மாட்டிவிட்டுப் போனார்.

இன்று பியானோ ஊமையாகிவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து பாடகர் குழுவை நடத்துகிறவள் பொன்மணி. தொண்டையில் கட்டி, நாளைக் காலை மதுரையில் ஆபரேஷன். குரல் பழையபடி இருக்குமா என்பதற்கு டாக்டர் பிடிகொடுக்கவில்லை. தானே மெட்டமைத்த பாட்டை ஒருமுறையாவது முழுசாக இந்தப் பியானோவிலேயே பதிந்துவிட்டு, மாலை பஸ்ஸில் மதுரைக்குப் போகலாம் என்று வந்திருந்தாள்.

வாசிக்கிறவள் ஹெப்சிபா. சத்தத்தைக் கடைசி வரை ஏற்றினாள். கட்டைகள் டொக் டொக்கென்றன. அணைத்துப் போட்டாள். பியானோவுக்குள்ளேயே இருந்த மாதிரிப் பாட்டை ஓடவிட்டாள். திரையில் நொடிகள் ஓடின, பாட்டு வரவில்லை.

"இது விலை எம்புட்டுன்னு தெரியுமாட்டி?" என்றார் பதிவைப் பார்க்க வந்திருந்த சோலைராஜ். "கெட்டுப்போற சாமானே கெடையாது."

"கெடல அண்ணாச்சி. நல்லாத்தான் ஓடுது. காதுலதான் விழல," என்றாள் ஹெப்சிபா.

"அப்ப நீ பாடு பொன்மணி, அதுபாட்டுக்குப் பதிவாகட்டும்."

"எந்தச் சுதியில பாட? ஒங்க பேச்சைச் சுதியா வச்சா நான் எட்டுக்கட்டைக்குல்லா போகணும்," என்றாள் பொன்மணி. சிரித்தாள், ஆனால் கை தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தது.

ஹெப்சிபா திரையின் மூலையை உற்றுப் பார்த்தாள். "ஹெட்போன் படம் காட்டுது. ஹெட்போனைச் செருகினா வெளிய சத்தம் வராது. ஆனா யாரும் செருகலையே?"

கூட வந்த புத்தகத்தைப் புரட்டினாள். கட்டைகளுக்குக் கீழே, இடது ஓரத்தில், ஹெட்போன் செருக உருண்டையாக ஒரு துளை இருப்பதாகப் படம் சொன்னது. அந்த இடத்தில் சோலைராஜின் பெயர் இருந்தது.

சோலைராஜ் தச்சருக்குப் போன் போட்டார்.

"புதுச் சாமான்ல துளை போட மனசு வரல மொதலாளி," என்றது போன். "இடப்பக்கம் ரெடியா ஒண்ணு இருந்துச்சு. பிளாஸ்டிக் தக்கையை வச்சு ஸ்க்ரூவை முடுக்கிட்டேன். வலப்பக்கம் டேப்புதான். ஆனாலும் அசையாது."

சோலைராஜ் போனை வைத்தார். ஆள் வரும்வரை காத்திருந்தால் பஸ் போய்விடும். காரிலிருந்து திருப்புளியை எடுத்து வந்து, வெள்ளை வேட்டியோடு மண்டியிட்டார். தன் பெயரைத் தானே கழற்றினார். தக்கை வெளியே வந்ததும், யாரும் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்த மாதிரிப் பாட்டு உச்சச் சத்தத்தில் அலற, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பொன்மணி பாடினாள். பென்டிரைவில் பதிந்து, திரும்ப ஓட்டிக் கேட்டார்கள். பியானோ மட்டும் இருந்தது, அவள் இல்லை.

"மைக் கோக்கலைன்னா இது தன்னோட வாசிப்பை மட்டுந்தான் பதியும்," என்றாள் ஹெப்சிபா.

"தன் சத்தம் மட்டுந்தான் கேக்கும்போல," என்றாள் பொன்மணி, யாரையும் பார்க்காமல்.

சோலைராஜ் தன் மொபைலை எடுத்து, பாட்டுக்காரிக்கும் பியானோவுக்கும் நடுவில் நீட்டிக்கொண்டு நின்றார். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். மூச்சைக்கூட முகத்தைத் திருப்பித்தான் விட்டார். பொன்மணி இரண்டாம் தடவை பாடினாள்.

இந்த முறை இரண்டும் இருந்தன. பொன்மணி கண்ணை மூடி, கடைசி அடி வரை கேட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க இதை வாங்கித் தரலைன்னா, ஹெப்சிபா, நீ இப்படித் துருவிப் பாக்கலைன்னா, இந்தப் பாட்டு தொண்டையோடயே போயிருக்கும்," என்றாள். "ரொம்ப நன்றி அண்ணாச்சி."

யாராவது நன்றி சொன்னால் அரைமணி நேரம் ஏற்புரை வழங்குகிறவர் சோலைராஜ்.

"செத்த இரு, ஒனக்கு அனுப்பிவிடுதேன்," என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எதை அழுத்தினால் போகும் என்று தேட ஆரம்பித்தார்.