சலோமி சொன்ன சாட்சி

பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றும் வேலை பார்க்கும் சலோமிக்குச் சர்க்கரை நோய் கட்டுக்குள் வந்திருந்தது. ஜெபத்தால் மட்டுமே குணமானதாகச் சபையில் சாட்சி சொல்லும்படி பாஸ்டர் கிருபாகரன் கேட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சபைக்கு முன்னால் வந்து மைக்கைப் பிடித்தாள்.

"ஜெபம் எனக்குத் தெம்பு குடுத்துச்சுங்க. ஆனா தினமும் இன்சுலினும் போடறனுங்க. அதை மறைச்சா ஆண்டவர்கிட்டயே பொய் சொன்ன மாதிரிங்க. யாரும் மருந்தை நிறுத்திப்போடாதீங்க."

பாஸ்டரின் முகம் சுருங்கியது. உடனே அடுத்த பாட்டைத் தொடங்கினார்.

ஆராதனை முடிந்ததும் அவரே அவளிடம் வந்தார். "நான் அப்படிக் கேட்டது தப்புங்க, அம்மணி. அதை நம்பி யாராச்சும் மருந்தை நிறுத்திப்போடுவாங்கன்னு நான் யோசிக்கலைங்க."

வாசலில் பக்கத்து வீட்டு லில்லி காத்திருந்தாள். "ஜெபமே போதும்னு நானும் சர்க்கரை மாத்திரையை நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட வாரயா கண்ணு?"

"வாரேனுங்க அக்கா" என்றாள் சலோமி. மனசு லேசாக, இருவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள்.